அரைப் பேர்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
11 ஜனவரி 2025

அன்புள்ள குணா அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் செய்தியைக் கேளுங்கள். எனக்குத் தண்ணி கலக்குகிற, தே இழுத்து ஆற்றுகிற இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். நம் கடை வாசலில், தெருவைப் பார்த்தபடி, வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் இப்போது நிற்பது உங்கள் ஜன்னத்துதான்.

நீங்கள் இங்கே சமையற்கட்டில் இருந்த மூன்று வருடமும் நான் இதற்காக எத்தனை தடவை வாய்விட்டுக் கேட்டிருப்பேன். கடை முதலாளி என்ற மிதப்பில் என் அண்ணன் என்ன சொல்வார் என்பதும் உங்களுக்குத் தெரியும். "பொம்பள தே இழுத்தா எவன் வந்து குடிப்பான்?" போன மாதம் நம் தண்ணி மாஸ்டர் பத்து காவான் ஊரில் திறந்த புதுக் கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அண்ணனே நின்று கட்டிப்பாலைக் கையெல்லாம் பூசிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் நான் ஒன்றும் கேட்காமல் போய் நின்றுவிட்டேன். பிறைப் பக்கம் லாரி ஓட்டும் ஹரீஷ் தம்பி முதல் குவளையைக் குடித்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு யாரு தே போட்டது? நல்லா இருக்குலா. இன்னொன்னு குடுங்க, சீனி கம்மியா, கூராங் மானிஸ்" என்றார். அண்ணன் காதில் அது விழுந்தது. உள்ளே போய்ப் புது ஏப்ரன் எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் முடியவில்லை. நேற்று மொத்த வியாபாரி இறக்கிய தேயிலை மூட்டையைப் பிரிக்கும்போது மேலே அச்சடித்திருந்ததைப் படித்தேன். ஊசிக்கல் தோட்டம். அக்கா, உங்கள் தோட்டம். ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தேன், உங்கள் வாசனை ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம். நம் தெருவில் பதினொரு கடை இதே மூட்டைதான் வாங்குகிறதாம்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் மேசைக்கு மேலே ஒரு பலகை மாட்டப்போகிறேன், உங்கள் பெயரும் படமும் போட்டு. கூடையோடு சிரித்தபடி ஒரு போட்டோ அனுப்புங்கள். போனில் கேட்கலாம் என்றால் உங்கள் லயத்து வீட்டில் சிக்னல் இல்லை, இருந்த போனையும் உங்கள் மகள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டாள். எனவே கடிதமே எழுதுங்கள், சீக்கிரம்.

நலமாக இருக்கிறீர்களா?

உங்கள் தங்கச்சி,
ஜன்னத்


ஊசிக்கல் தோட்டம், ஹட்டன்
3 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி ஜன்னத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது அடுப்பில் ரொட்டி கருகிவிட்டது. நீ வாசலில் நிற்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அண்ணனை அதிகம் சீண்டாதே, ஏப்ரன் கொடுத்த மனுஷன் நாளைக்குச் சம்பளமும் கூட்டித் தருவார்.

நான் பறித்த இலை கடல் தாண்டி உன் கைக்கே வந்துவிட்டது என்று மலையில் எல்லாரிடமும் சொன்னேன். என்னோடு கொழுந்து பறிக்கும் மருதாயி அக்கா நம்பவில்லை. "நம்ம கொழுந்த நாமளே கண்ணால பாக்கிறதில்ல, அவ எங்க பாத்தா?" என்றார். அது உண்மைதான். பறித்துக் கொடுத்ததோடு சரி, பிறகு அது எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும். வீட்டில் நாங்கள் குடிப்பது சலித்து மிஞ்சின தூள்தான். அதில் சீனி போட்டால்தான் தொண்டையில் இறங்கும்.

போட்டோ கேட்டாய். தேயிலை டப்பாவில் கூடையோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாளே, அவளைப் பார்க்கும்போதெல்லாம் இவள் காலில் அட்டை ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தச் சிரிப்பு எனக்கு வராது. வெயில் காலம், செடியில் கொழுந்தே இல்லை. தோட்ட மேலாளராகப் புதிதாக வந்த துரை பெரிய கண்டிப்புக்காரர். மாதத்தில் பாதி நாள் எனக்கு அரைப் பேர்தான் போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசு விட்டுப்போகிறது. காலை ஏழரைக்கு ஏறினால் நாலரைக்கு இறங்குகிறோம், ஒதுங்க ஒரு மறைவு கிடையாது, இத்தனையும் பட்டு அரைப் பேர் என்றால் யாருக்குத்தான் வலிக்காது.

சரி, என் புலம்பல் கிடக்கட்டும். நீ எத்தனை அடி உயரத்துக்குத் தேநீரை இழுக்கிறாய் என்று எழுது. கையைச் சுட்டுக்கொள்ளாதே.

அன்புடன்,
குணேஸ்வரி


ஜார்ஜ் டவுன்
21 பெப்ரவரி 2025

முழுப் பேருக்குரிய குணேஸ்வரி அக்காவுக்கு,

பார்த்தீர்களா, இனிமேல் குணா இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. குணேஸ்வரி என்று எவ்வளவு அழகான பெயர், அதை எதற்காக அரையாக்குகிறார்கள்? குணே என்று எழுதுகிறார்களா, ஈஸ்வரி என்றா? முழுப் பெயரையும் சொன்னால் அந்தத் துரைக்கு வாய் வலிக்கிறதா?

எனக்கு இந்த வலி தெரியும். ஜன்னத்துல் பிர்தௌஸ் என்று வாப்பா ஆசையாக வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருவர் நீளமாக இருக்கிறது என்று முதல் நாளே வெட்டிவிட்டார். அன்றையிலிருந்து யாரும் அதை முழுசாகச் சொன்னதில்லை. அண்ணன்கூட எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதை மறந்துவிட்டார்.

அதனால் சும்மா இருக்கவில்லை. உங்கள் துரைக்கே எழுதிவிட்டேன். பயப்படாதீர்கள், மரியாதையாகத்தான். இதோ அப்படியே தருகிறேன்:

"மேலாளர் ஐயா அவர்களுக்கு. உங்கள் தோட்டத்துத் தேயிலையைத்தான் எங்கள் கடையில் நாள்தோறும் விற்கிறோம். எங்கள் தெருவில் மட்டும் பதினொரு கடைகள் அதை வாங்குகின்றன. உங்களிடம் வேலை செய்யும் திருமதி குணேஸ்வரி அவர்களுக்கு நீங்கள் அரைப் பேர் போடுவதாக அறிந்து மிகவும் வருந்துகிறோம். இன்று முதல் அவருக்கு முழுப் பேர் போட வேண்டும். தவறினால் வேறு தோட்டத்துத் தேயிலையை வாங்குவதைத் தவிர எங்களுக்கு வழியில்லை."

கீழே கடை முத்திரையைக் குத்தினேன், இரண்டு இடத்தில். அண்ணன் பார்த்துவிட்டு, "இது என்னா கடுதாசியா, மிரட்டலா?" என்றார். ஆனால் தடுக்கவில்லை. நீங்கள் கடையை விட்டுப் போன பிறகு கோழிக் குழம்பு சரியாகவே வரவில்லை என்று அவருக்கு இன்னும் குறை உண்டு.

பலகையும் தயார். எழுதியவர் நம் சுப்பையா அண்ணன்தான். "எடம் பத்தலம்மா, குணான்னு போட்டுர்றேன்" என்றார். விடுவேனா? எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லி, குணேஸ்வரி என்று ஒன்று விடாமல் எழுத வைத்தேன். வந்துபோகிறவர்கள் எல்லாம் யார் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேநீர் ஆறும்வரை கதை சொல்கிறேன்.

தேநீரை நாலடிக்கு இழுக்கிறேன். ஐந்தடி முயன்றதில் அண்ணன் சட்டை நனைந்தது.

உங்கள்
ஜன்னத்துல் பிர்தௌஸ்


ஊசிக்கல் தோட்டம்
16 மார்ச் 2025

ஜன்னத்,

நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அதைத் தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன், இருந்தும் கோபம் அடங்கவில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஆளின் பெயர் இல்லை. ஒரு நாள் வேலைக்குத்தான் பேர் என்று சொல்வோம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் செக்ரோல் பதிவேட்டில் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். முன்பு பதினெட்டுக் கிலோ எடுத்தால் போதும். புதுத் துரை வந்து இருபத்திரண்டு ஆக்கினார். அதிலும் ஒவ்வொரு நிறுவையிலும் பையின் கனத்துக்கு, இலையில் உள்ள தண்ணிக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். வெயிலில் இருபத்திரண்டுக்கு எங்கே போவது? எங்கள் மலையில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம், எல்லாருக்கும் அரைப் பேர்தான் விழுந்தது. எல்லாரும் சேர்ந்து கேட்போம் என்று ஒரு மாதமாகப் பேசிப் பேசி, அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்.

அந்த வாரம்தான் உன் கடிதம் ஆபீசுக்கு வந்தது. பெரிய கிளாக்கர் துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னாராம். மறுநாள் சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகையில் நான் பதினைந்து கிலோதான் வைத்தேன். கங்காணி சத்தமாக, "குணேஸ்வரிக்கு முழுப் பேர். மலேசியாவிலருந்து உத்தரவு" என்றார். எனக்கு அடுத்து நின்ற மருதாயி அக்கா வைத்தது பத்தொன்பது கிலோ. அவருக்கு அரைப் பேர்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். மருதாயி அக்கா மட்டும், "நீ ஒனக்கு எழுதிக்கிட்ட. நாங்க எங்களப் பாத்துக்கிறோம்" என்றார். இப்போது என் பக்கத்துச் செடி நிரையில் யாரும் ஏறுவதில்லை. மலையில் தனியாக நிற்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. குளவி கலைந்து கொட்டினால் தூக்கிக்கொண்டு ஓடிவருவது பக்கத்து நிரைக்காரிதான். போன வருஷம் மருதாயி அக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்கியது நான். எனக்கு இன்றைக்கு ஒன்று நடந்தால் யாரும் இல்லை.

என் பெயரை யாரும் அரையாகச் சொல்லவில்லை, ஜன்னத். மூன்று வருஷம் என்னைக் குணா என்று கூப்பிட்டது நீதான்.

இனி எங்கள் ஆபீசுக்கு ஒரு வரிகூட எழுதாதே.

குணேஸ்வரி


ஜார்ஜ் டவுன்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

பெருநாளுக்கு முந்தின நாள் உங்கள் கடிதம் வந்தது. இன்று பெருநாள் மூன்றாம் நாள். இத்தனை நாள் நான் எழுதாமல் இருந்ததே இல்லை, என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தப்பு என் பேரில்தான். நீங்கள் வலிக்கிறது என்று எழுதினீர்கள், ஏன் என்று நான் கேட்கவே இல்லை. எனக்குத் தெரிந்த வலி அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, முத்திரையை வேறு இரண்டு தடவை குத்தினேன். அண்ணனிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி மடித்துக் கொடுத்தார். பிறகு, "அந்த இலைதானே நாம இத்தன வருஷமா வித்துக்கிட்டு இருக்கோம்" என்றார். பெருநாள் அன்று வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்தேன், நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

பலகையைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். கழற்றவா, வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் ஆபீசுக்கு எழுதமாட்டேன். இது சத்தியம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் தெருவில் நான் உங்கள் கடிதத்தில் உள்ள அந்த இருபத்திரண்டு கிலோவைப் பற்றி மட்டும் சொன்னேன். பதினொரு கடைக்காரர்களில் ஒன்பது பேர், "நீ எழுது, நாங்க கையெழுத்துப் போடுறோம்" என்றார்கள். மற்ற இரண்டு பேரும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள், அவர்களையும் அண்ணன் பார்த்துக்கொள்வார். எழுதினால் முப்பத்தொரு பேருக்கும் சேர்த்துத்தான். ஆனால் நீங்கள் எழுது என்று சொன்னால்தான் எழுதுவேன். எழுதாதே என்றால் அந்தத் தாளைத் தொடமாட்டேன்.

மருதாயி அக்காவுக்கு என் சலாம் சொல்லுங்கள். ஏற்றுக்கொள்வாரா தெரியவில்லை.

உங்கள் பதில் வராவிட்டாலும் உங்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

ஜன்னத்


ஊசிக்கல் தோட்டம்
4 மே 2025

என் தங்கச்சி ஜன்னத்துல் பிர்தௌஸுக்கு,

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை, கை ஒரு பக்கம் எழுதுகிறது, மனசு இன்னும் மடுவத்திலேயே நிற்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

உன் கடிதம் வருமுன்பே நான் ஒரு காரியம் செய்தேன். கங்காணியிடம் போய் எனக்கும் மற்றவர்களைப் போல் அரைப் பேரே போடுங்கள் என்றேன். "தொர சொல்லாம மாத்த ஏலாது" என்றுவிட்டார். சரி என்று மறுநாளிலிருந்து கொழுந்தைத் தராசில் வைக்காமல் தரையில் வைத்துவிட்டு வந்தேன். நிறுக்காவிட்டால் பேரே கிடையாது, அரையும் இல்லை முழுசும் இல்லை. மூன்று நாள் அப்படிப் போனது. வீட்டுக்காரருக்கு என் மேல் கோபம், அவருக்குச் சோறு பொங்கிப் போட்டுச் சமாளித்தேன். நாலாம் நாள் காலையில் என் பக்கத்து நிரையில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. மருதாயி அக்கா. பறித்துக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் உன் கடிதம். கோயில் முன்றிலில் எல்லாரையும் உட்காரவைத்து உன் கடிதங்களை வாசித்தேன், ஒளித்துவைத்திருந்த பழையதையும் சேர்த்து. துரைக்கு வாய் வலிக்கிறதா என்று நீ எழுதிய இடம் வந்தபோது சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கு இருமல் வந்துவிட்டது. "பாவம் இந்தப் புள்ள, பேருன்னா பேருன்னே நெனச்சிருச்சு" என்று மருதாயி அக்கா சொன்னார். உன் சலாமையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் முப்பத்தொரு பேரும் கொழுந்தைத் தரையில் வைத்தோம். பதினெட்டு என்று சொல்லுங்கள், தராசில் வைக்கிறோம் என்றோம். சித்திரை மழை பெய்து கொழுந்து தளதளவென்று வந்திருந்த நேரம். நிறுத்துப் பாக்டரிக்கு அனுப்பாவிட்டால் வதங்கிப்போகும். முதல் நாள் துரை வரவில்லை. இரண்டாம் நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் பேசுவதற்கு ஒருவரை ஆபீசுக்கு அனுப்பச் சொன்னார். எல்லாரும் என்னைத்தான் தள்ளினார்கள். "அவருக்கு ஒன் பேரு நல்லாத் தெரியும், நீயே போ" என்றார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீசுக்குள் போனேன். துரை உன் கடிதத்தை மேசை மேலேயே வைத்திருந்தார், இரண்டு முத்திரையும் தெரியும்படி. கிளாக்கர் வழியாக முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். "அந்த மலேசியாக் கடைக்காரம்மா இன்னும் எழுதுவாங்களான்னு தொர கேக்கிறாரு." நான் யோசித்தேன். எழுதமாட்டேன் என்று நீ சத்தியம் செய்திருந்தாய், ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. "நான் எழுதுன்னா எழுதுவாங்க. எழுதாதன்னா எழுத மாட்டாங்க. பதினொரு கடையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன். கிளாக்கர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, துரை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார். வார்த்தைக்கு வார்த்தை பேசி மதியம் தாண்டிவிட்டது. கடைசியில் பதினெட்டுக்கு ஒப்புக்கொண்டார். எல்லாருக்கும், அன்றிலிருந்தே. பைக்கும் தண்ணிக்கும் கழிக்கிற இரண்டு கிலோவை விடமாட்டேன் என்கிறார், அது அடுத்த சண்டை. அப்போது உன்னிடம் எழுது என்று சொல்வேன், தாளைத் தயாராக வை.

பலகையைக் கேட்டாய். என் பெயரை எடுத்துவிடு. சுப்பையா அண்ணனிடம் சொல்லி ஊசிக்கல் கொழுந்து என்று எழுதச் சொல். இடமும் போதும், அதில் எல்லாரும் அடக்கம்.

இனி அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது. ஆபீசிலிருந்து நான் மலைக்கு ஏறும்போதே மணி இரண்டு. மற்றவர்கள் சந்தோஷத்தில் ஓட்டமும் நடையுமாகப் பறித்திருந்தார்கள், எல்லாரும் இருபதுக்கு மேல். நான் இறங்கும்போது என் பையில் பாதிகூட இல்லை. மடுவத்தில் வைத்தால் பதினொரு கிலோ. பதினெட்டு என்று நானே பேசி வாங்கிய முதல் நாளில் எனக்கே அரைப் பேர். கங்காணி என்னைப் பார்த்தார், சட்டம் சட்டம்தானே என்று நானும் தலையை ஆட்டினேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா" என்று மருதாயி அக்கா முன்னால் வந்தார். தன் பையிலிருந்து இரண்டு பிடி கொழுந்தை அள்ளி என் பையில் போட்டார். பின்னால் நின்றவள் இரண்டு பிடி போட்டாள். அதற்குப் பின்னால் நின்றவளும் போட்டாள். ஒவ்வொருத்தியாக வந்து போட்டுவிட்டுப் போனார்கள். தராசு முள் மெதுவாக ஏறிக்கொண்டே போய்ப் பதினெட்டைத் தாண்டியும் நிற்கவில்லை, வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். கங்காணி எழுதாமலே நின்றார்.

"என்னா பாக்கிறீங்க? முழுப் பேரு போடுங்க" என்றார் மருதாயி அக்கா. "முப்பது பேரு சேந்து போட்ட பேரு அது."

உன் அக்கா,
குணா